தண்ணீர்மலைக்கு அப்பாவோடு

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. அம்மா தவறிய பிறகு, மாலையானால் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறக் கிளம்பிவிடுகிறார். முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ‘நீயும் வாம்மா’ என்கிறார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டு தனியாகப் போகிறார். எப்படி நிறுத்துவது?
- ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்தாதீர்கள். கூடப் போங்கள். உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்டது அந்த ‘நீயும் வாம்மா’தான். துணை தேடுகிறார், அதை வாய்விட்டும் சொல்கிறார். எத்தனை அப்பாக்கள் அப்படிக் கேட்பார்கள்?

முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். முழங்காலோடு இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சில சர்க்கரை மாத்திரைகள், நடக்கும்போது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். அப்பாவின் மாத்திரை அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதற்கும் பையில் மிட்டாய் இருக்கட்டும்.

கோயிலுக்கு 513 படிகள். தினமும் அத்தனையும் ஏற வேண்டும் என்று முருகன் கேட்கவில்லை. வாரத்தில் பாதி நாள் அதே சாலையில் உள்ள தாவரவியல் பூங்காவில் சமமான பாதையில் நடக்கலாம். (அங்கே கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கும்.) படியேறும் நாளில் வேகத்தை அவரே வைக்கட்டும். நடந்துகொண்டே பேச முடிகிறதென்றால் வேகம் சரி. வாக்கியம் பாதியில் நின்றால் உட்கார வேண்டும். நெஞ்சை அழுத்துவது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுவது, குளிர்ந்து வியர்ப்பது என்று எது வந்தாலும் மேலே போவதா கீழே போவதா என்று யோசிக்காமல், அங்கேயே உட்காரவைத்து 999க்கு அழையுங்கள்.

பலரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். முழங்காலுக்கு வேதனை இறங்கும்போதுதான். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது, அந்த அழுத்தம் முட்டியில் விழுகிறது. அதனால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒரு கை கைப்பிடியில். நீங்கள் அவருக்கு ஒரு படி கீழே இறங்குங்கள். செருப்பு வேண்டாம், நல்ல பிடிப்புள்ள சப்பாத்து போடச் சொல்லுங்கள். கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம். மேலேயே களைத்துப்போனால் இறங்குவது ஆபத்து, ஆகவே தெம்பு இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

நம் ஊரில் பொழுது சாய ஏழு, ஏழரை ஆகும். ஐந்தரைக்குப் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். இடி கேட்டால் அன்றைக்கு வீட்டு வாசலிலிருந்தே முருகனைக் கும்பிடட்டும்.

அம்மாவைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். பூங்கா 1884 முதல் இருக்கிறது. சின்ன வயதில் அங்கே யாரோடு வந்தார் என்று கேளுங்கள். அம்மாவும் அந்தப் பேச்சில் வருவார். வராவிட்டாலும் சும்மா கூட நடங்கள்.

வேலை முடிந்து வர நேரமாகும் நாளில், தம்பியையோ பக்கத்து வீட்டு மாமாவையோ கூட அனுப்புங்கள். ‘இன்றைக்கு என்னால் முடியாதுப்பா, நாளைக்குப் போகலாம்’ என்று காலையிலேயே சொல்லிவிட்டால், அவர் கோபித்துக்கொண்டு தனியாகக் கிளம்ப மாட்டார்.