‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’ முதல் பதிப்பு: மேலுறைக்குப் பணம் கொடுக்குமுன்

கேள்வி: லண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். பிக்கிள்ஸ் என்ற விமானியின் சாகசக் கதைகளைப் படித்து வளர்ந்த என் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, அந்த வரிசையின் முதல் நூலான ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’கின் முதல் பதிப்பை வாங்கித் தர ஆசை. இணையத்தில் ஒரு தரகர், ‘1932 முதல் பதிப்பு, அசல் மேலுறையுடன்’ என்று சொல்லி நான்கு இலக்கப் பவுண்டு கேட்கிறார். இரண்டு நாளில் முன்பணம் அனுப்பாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவாராம். நம்பி வாங்கலாமா?

பதில்: முன்பணம் அனுப்ப வேண்டாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எங்கோ ஓர் அலமாரியில் இருந்த புத்தகத்துக்கு இந்த இரண்டு நாளில் அவசரம் எதுவும் வந்துவிடாது, அவசரம் தரகருக்குத்தான். நீங்கள் நிதானமாகப் பார்த்தால் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்வதற்கே இந்தக் கெடு வைக்கப்படுகிறது என்பது என் முப்பதாண்டு அனுபவம்.

இந்த நூலை எழுதிய டபிள்யூ. இ. ஜான்ஸ் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 55ஆம் படைப்பிரிவில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1918 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் போர்க்கைதியானவர். அவரே ஆசிரியராக இருந்த ‘பாப்புலர் ஃப்ளையிங்’ மாத இதழில் 1932 ஏப்ரலில் பிக்கிள்ஸ் முதன்முதலாகத் தோன்றினான். இத்தகைய கதைகளைத் திரட்டி லண்டனின் ஜான் ஹாமில்டன் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட நூல்தான் நீங்கள் தேடுவது. தலைப்பில் உள்ள கேமல், சாப்வித் கேமல் என்ற போர் விமானம். பிற்காலத்துப் பிக்கிள்ஸ் நூல்களைப் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகமும் ஹாடர் அண்ட் ஸ்டவுட்டன் நிறுவனமும் முறையே 1935இலும் 1942இலும்தான் இந்த வரிசைக்குள் வந்தன. எனவே, இந்தத் தலைப்பைப் பொறுத்தவரை பதிப்பாளர் பெயர் ஜான் ஹாமில்டன் என்று இல்லாத பிரதியை மேற்கொண்டு ஆராயவே வேண்டியதில்லை.

‘முதல் பதிப்பு’ என்ற சொல்லை யார் எந்தப் பொருளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற நிலை இன்றைக்கும் நீடிப்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. புதிய பதிப்பாளர் முதன்முறை அச்சிட்டாலும் முதல் பதிப்பு, புதிய படங்களுடன் வந்தாலும் முதல் பதிப்பு என்று எழுதிவிட்டு, அது உண்மையில் நூலின் மறுபதிப்பு என்பதை விளம்பரத்தின் கடைசி வரியில் ஒளித்துவைக்கிறார்கள். 1906இல் தொடங்கப்பட்ட பழம்புத்தக வணிகர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. அந்தச் சங்கத்தில் சேராமல் இணையச் சந்தையில் கடை விரிக்கும் தரகரை அந்த விதிகள் தொடுவதில்லை, அந்தச் சந்தைகளை நடத்தும் நிறுவனங்களும் தங்கள் தரகுத் தொகை வந்து சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கின்றன. ஆண்டு அச்சாகியிருக்கிறது என்பதையும் சான்றாகக் கொள்ளாதீர்கள். முதல் வெளியீட்டு ஆண்டை மறுஅச்சிலும் அப்படியே விட்டுவைப்பது அக்காலப் பதிப்பாளர்களின் வழக்கம்.

நீங்களே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். நூலில் ‘தி பலூனடிக்ஸ்’ என்ற கதை இருக்கிறது. எதிரியின் கண்காணிப்பு பலூனை வீழ்த்துவதற்கான பரிசு மூலத்தில் விஸ்கி. 1950களில் சிறுவர்களுக்காக வந்த மறுபதிப்பில் அது லெமனேட் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லெமனேட் என்று இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. விஸ்கி என்று இருந்தால், உரை திருத்தப்படாத பழைய அச்சு என்பது மட்டுமே தெரியும். முதல் அச்சு என்று அதனால் நிரூபணமாகாது.

இனி மேலுறை. நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பங்கு, டஸ்ட் ஜாக்கெட் என்று வணிகர்கள் சொல்லும் அந்த ஒற்றைக் காகிதத்துக்குத்தான் போகிறது. சிறுவர்கள் கைபட்டுக் கிழிந்தும், வாடகை நூலகங்களில் கழற்றி எறியப்பட்டும், போர்க்காலத்தில் பழைய காகிதச் சேகரிப்பில் கூழாகியும் அழிந்துபோனதால் தப்பியவை மிகக் குறைவு. அதனால்தான் போலிகள் பெருகுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஒரு புத்தகச் சந்தையில் இப்படி ஒரு மேலுறையை நம்பி நானே ஏமாந்தேன். முதுகுப் பகுதியின் உச்சியில் இருந்த ஒரு மடிப்புக்கோடு அதன் வயதுக்குச் சாட்சி என்று நினைத்து வாங்கி வந்தேன். வீட்டில் விளக்கடியில் வைத்து விரலால் தடவியபோது அந்த இடம் வழவழவென்று இருந்தது. மடிப்பு காகிதத்தில் இல்லை, மடிப்பின் படம்தான் அச்சாகியிருந்தது. ஸ்கேன் செய்யப்பட்ட மூல உறையின் கிழிசலும் கறையும் நகலில் ஓவியமாக வந்து நின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது, ஒழுங்கான வரிசையில் இருக்க வேண்டிய நிறப்புள்ளிகளுக்குப் பதிலாகத் தெளித்துவிட்டது போன்ற தூவல்தான் தெரிந்தது. நேர்மையாக நகல் உறை செய்பவர்கள், நகல் என்று உள்மடிப்பில் (மேலுறையில் அட்டைக்குள் மடிந்திருக்கும் பகுதியில்) அச்சிட்டே விற்கிறார்கள்; இடையில் வாங்குபவர்தான் அந்த மூலையைக் கத்தரித்துவிட்டு, அங்கே இருந்தது விலைதான் என்பதுபோல் ‘விலை வெட்டப்பட்ட அசல்’ என்று கைமாற்றுகிறார். ஆகவே, உள்மடிப்பின் மூலை வெட்டப்பட்ட மேலுறைக்கு அசல் விலை கொடுக்காதீர்கள். அட்டையைத் திறந்தால் தெரியும் முதல் தாளில், உள்மடிப்பு படிந்திருந்த இடம் நிற வேறுபாடாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். மேலுறைக்கு அடியில் உள்ள துணிக்கட்டின், அதாவது துணி ஒட்டிய அட்டையின், முதுகு வெயிலில் வெளுத்திருக்க, மேலுறையின் முதுகு மட்டும் பளிச்சென்று இருந்தால், இரண்டும் சேர்ந்தே இருந்தவை அல்ல.

மேலுறை அசலாகவே இருந்தாலும், வேறு அச்சுக்கு உரியதை எடுத்து மாட்டியிருக்கலாம். அதன் பின்புறத்தையும் மடிப்புகளையும் படியுங்கள். ‘தி குரூஸ் ஆஃப் தி காண்டோர்’ 1933இல் வந்தது, ‘பிக்கிள்ஸ் ஆஃப் தி கேமல் ஸ்குவாட்ரன்’ 1934இல் வந்தது. வெளிவந்துவிட்ட நூல்களாக இவை விளம்பரப்படுத்தப்பட்டிருக்கும் மேலுறை 1932க்கு உரியது அல்ல.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைத் தெரியாமல் நல்ல பிரதியைக் கைவிட்டவர்களும் உண்டு, இதையே சாக்காக வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. அக்காலப் பதிப்பாளர்கள் அச்சிட்ட பாரங்கள் (இன்னும் புத்தகமாகக் கட்டாத அச்சுத் தாள்கள்) அனைத்தையும் ஒரே நாளில் பைண்டிங்குக்கு அனுப்பவில்லை. விற்கும் அளவுக்கு ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கிடங்கில் போட்டுவைத்து, தேவை வந்தபோது ஓராண்டு, ஈராண்டு கழித்துக்கூட எடுத்துக் கட்டினார்கள். அப்போது நூலின் கடைசியில் சேர்க்கும் விளம்பரப் பட்டியலும், போர்த்தும் மேலுறையும், சில வேளை துணியின் நிறமும் அன்றைய கையிருப்பாக இருக்கும். ஆக, பிந்தைய விளம்பரம் உள்ள புத்தகத்தின் உள்ளே இருப்பது முதல் அச்சின் பாரங்களாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட பிரதி பொய்யானது அல்ல. ஆனால் முதலில் கட்டப்பட்டதற்குரிய விலையும் அதற்கு இல்லை. தரகர் இந்தக் காரணத்தைச் சொன்னால், விலையைக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். காரணத்தையும் சொல்லி முழு விலையையும் கேட்டால் விலகிவிடுங்கள்.

நூலக முத்திரையை மறைத்து விற்பதும் சாதாரணம். பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் நடத்திய வாடகை நூலகத்தின் நூல்களில் முதுகின் உச்சியில், சந்தாதாரரின் அடையாள வில்லையைக் கோப்பதற்கு ஒரு சிறு துளை இருக்கும். மேலுறையைக் கழற்றினால்தான் அது தெரியும். கழற்றிய நிலையில் படம் கேளுங்கள்.

ஆகவே தரகரிடம் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், கடைசி விளம்பரப் பக்கங்கள், மேலுறையின் இரு உள்மடிப்புகள், வெறும் துணிக்கட்டு ஆகியவற்றின் படங்களைக் கேட்டு வாங்கி, அவற்றை பிரிட்டிஷ் நூலகத்தின் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். ‘முதல் பதிப்பு, முதல் அச்சு, நகல் அல்லாத மேலுறை’ என்று ரசீதில் எழுத்தில் பெறுங்கள். தொழில்முறை விற்பனையாளரிடம் தொலைவிலிருந்து வாங்கினால், கையில் கிடைத்த பிறகு மனம் மாறுவதற்கு 14 நாள் சட்டப்படி உண்டு. நேரடி ஏலத்தில் அந்த உரிமை இல்லை. அதோடு ஏலம் விழுந்த விலைக்கு மேல் கட்டணமும், கட்டணத்துக்கு வரியும் சேரும். வங்கிப் பரிமாற்றம் வேண்டாம். கடன் அட்டையில் விற்பனையாளருக்கே நேராகச் செலுத்துங்கள், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது.

பிறந்தநாளுக்குள் நம்பகமான பிரதி கிடைக்காவிட்டால், ஹாடர் நிறுவனம் 1945இல் வெளியிட்ட ‘பிக்கிள்ஸ் இன் தி ஓரியண்ட்’ முதல் பதிப்பைத் தேடுங்கள் என்பேன். கதை கல்கத்தாவைத் தளமாகக் கொண்டது. இந்தியாவில் பிறந்தவனாகப் படைக்கப்பட்ட பிக்கிள்ஸ் திரும்பவும் இந்திய வானத்துக்கு வருகிறான். போர்க்காலக் காகிதக் கட்டுப்பாட்டில் அச்சான மெல்லிய தாளைத் தொட்டுப் பார்க்கலாம். நீங்கள் இப்போது தயாராக வைத்திருக்கும் தொகையில் சிறு பகுதிக்கே மேலுறையுடன் கிடைக்கும். மேலுறையை மட்டும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.