இதயத்தில் மூன்றாவது மேலறை: எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்ததில், இடது மேலறையின் குறுக்கே ஒரு சவ்வு இருக்கிறது, 'கார் ட்ரையாட்ரியாட்டம்' என்றார்கள். இப்போது எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்கிறார்கள். எக்கோவிலேயே தெரிந்துவிட்ட பிறகு இது தேவையா?

பதில்: தேவைதான். இந்தச் சவ்வு இடது மேலறையை இரண்டாகத் தடுப்பதால் மேலறைகள் மூன்று இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. சவ்வு இருப்பதை எக்கோ சொல்லிவிடும். அறுவை செய்பவருக்கு அது மட்டும் போதாது. நுரையீரலிலிருந்து வரும் நான்கு சிரைகளும் சவ்வுக்கு மேலுள்ள அறையில்தான் சேர்கின்றனவா, ஏதாவது ஒன்று வழி மாறி வலது பக்கம் போகிறதா, மேலறைகளுக்கு நடுவே ஓட்டை உண்டா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். எலும்பும் நுரையீரல் காற்றும் எக்கோவை மறைக்கும், எம்.ஆர்.ஐ.யை மறைக்காது.

இடது மேலறையில் காதுமடல் போல ஒரு சிறு பை உண்டு. அது சவ்வுக்குக் கீழே, மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) இருக்கும் பக்கம் இருந்தால் கார் ட்ரையாட்ரியாட்டம். சவ்வுக்கு மேலே இருந்தால், அது வால்வை ஒட்டி வளரும் வளையம். அந்த வளையத்தோடு வால்வும் பழுதாகியிருப்பது சகஜம் என்பதால் அறுவைத் திட்டமே மாறும்.

சவ்வு தெரியாமல் போவதும் உண்டு. இதய எம்.ஆர்.ஐ.யில் ஒரு ஸ்லைஸின், அதாவது ஒரு படத்தில் பதியும் குறுக்குவெட்டின், தடிமன் வழக்கமாக 6 முதல் 8 மி.மீ. சவ்வு அதைவிட மிக மெல்லியது, ரத்தத்தோடு கலந்து மங்கிவிடும். 4 அல்லது 5 மி.மீ. ஸ்லைஸ்களை இடைவெளி விடாமல், இரண்டு கோணங்களில் எடுக்க வேண்டும். அதனால் எக்கோ ரிப்போர்ட்டைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் அப்படி எடுப்பார்கள்.

சவ்வின் துளை வழியே ரத்தம் பாயும் வேகத்தையும் அளப்பார்கள். நொடிக்கு 2 மீட்டர் என்றால் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் சுமார் 16 மி.மீ. பாதரசம். கருவியில் வேக வரம்பைக் குறைவாக வைத்தால், பாய்ச்சல் எதிர்த்திசையில் போவதுபோலக் காட்டும். வரம்பைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும். துளை சிறிதாக இருந்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். ஆகவே இந்த எண்ணை எக்கோவின் எண்ணோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பரிசோதனை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை வெளியே விட்டு 10 முதல் 15 நொடி அடக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுமானால் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சடக்காமல் எடுக்கும் முறையும் இருக்கிறது. காடோலினியம் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடுவதாக இருந்தால் சிறுநீரகக் கோளாறையும், கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.