இரும்புச்சத்து மாத்திரை: நீங்கள் கேட்டவை

ஐந்தாம் மாதம். சுகாதார நிலையத்தில் தந்த சிவப்பு மாத்திரையையும் கால்சியத்தையும் காலை டிபன் முடித்துக் காபியோடு போடுகிறேன். ஹீமோகுளோபின் 9ஐ விட்டு நகரவே இல்லை.

காபியும் கால்சியமும்தான் முதல் சந்தேகம். காபி, டீ, பால், கால்சியம், வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட், இவை எல்லாமே இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைப்பவை, நீங்கள் அதில் இரண்டைக் கூடவே விழுங்குகிறீர்கள். கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டு, இரும்பை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, முடிந்தால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். தைராய்டு மாத்திரையும் எடுப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இன்னொன்று, அந்தச் சிவப்பு மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். தினம் ஒன்று என்பது ரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான், 9க்கு வழக்கமாகத் தினம் இரண்டு தருவார்கள். நீங்களாகக் கூட்டாமல் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் காரணத்தைத் தேட வேண்டும், தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள்.

மலம் கறுப்பாகப் போகிறதே?

உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பின் நிறம் அது, பயம் வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

குமட்டல் தாங்காமல் நிறுத்திவிட்டேன்.

நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் லேசாகச் சாப்பிட்டுப் போடுங்கள், கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் பரவாயில்லை, போடாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி அடுத்த ஒரு நாளுக்கு இரும்பை உள்ளே விடாமல் மட்டுப்படுத்துகிறது, அதனால் கர்ப்பமில்லாத பலருக்கு இந்த முறை சரியாகவே வேலை செய்கிறது.

12 வந்துவிட்டது, போதும்தானே?

போதாது. ரத்தத்தில் ஏறிவிட்டது, சேமிப்பு இன்னும் காலியாகத்தான் இருக்கும். மேலும் மூன்று மாதம் தொடருங்கள்.

அப்பாவுக்கு 55 வயது, ஹீமோகுளோபின் 9. டானிக் வாங்கித் தரலாமா?

முதலில் டாக்டர், அப்புறம்தான் டானிக். அந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் அல்சர், மூலம், குடல் புற்றுநோய் என்று எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டானிக்கில் அளவு கொஞ்சம் ஏறும், உள்ளே இருக்கிற நோய் தெரியாமலே வளரும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், இரும்புக் குறைவு இல்லாத அவர்களுக்கு இந்த மாத்திரையால் பலன் இல்லை.

இரண்டு வயதுப் பையன் என் மாத்திரைகளை மிட்டாய் என்று விழுங்கிவிட்டான். வாந்திக்கு அப்புறம் நன்றாக விளையாடுகிறான். அப்படியே விடலாமா?

விடவே கூடாது, இதைப் படிக்கும் இந்த நிமிஷமே கிளம்புங்கள். இரும்பு விஷத்தில் வாந்தி நின்று சில மணி நேரம் குழந்தை தெளிவாக இருக்கும், அதற்குப் பிறகுதான் ஈரல் பாதிக்கும், ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால்தான் டாக்டரால் கணக்குப் போட முடியும்.