‘ராவிலே’ என்றால் காலை: வீடு திரும்பும் முன் ஒரு தாய்க்கு

கேள்வி: கம்பத்திலிருந்து வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என் 6 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. திருவனந்தபுரத்தில் ஒரு மாதமாகப் படுக்கையில் இருக்கிறோம். முதல் கட்டம் முடிந்து அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள். ஊசி என்றாலே கத்துகிறான். “இன்னைக்கு ஊசி இல்லடா” என்று பொய் சொல்லித்தான் கூட்டிப் போகிறேன். இப்போது மாத்திரைக்கும் வாயைத் திறப்பதில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? எனக்கு மலையாளம் அரைகுறை. பெரியவள் பத்து வயது, அப்பாவோடு ஊரில் இருக்கிறாள், போனில்கூடப் பேச மாட்டேன் என்கிறாள்.

பதில்: தங்கச்சி, குழந்தைகள் வார்டில் நர்ஸாகப் பல வருடம் நின்றவள் நான். உங்கள் கடிதத்தில் நான்கு கவலைகள் இருக்கின்றன. முதலில் அந்தப் பொய்யைப் பேசுவோம், மாத்திரைப் பிரச்சினையின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

“ஊசி இல்ல” என்று சொல்லிக் கூட்டிப் போய் ஊசி போட்டால், அடுத்த நாள் “இட்லி சாப்பிடு” என்று நீங்கள் சொல்வதையும் அவன் சந்தேகப்படுவான். தட்டில் இருப்பது வெறும் இட்லியா, உள்ளே மாத்திரையா என்று பிய்த்துப் பார்ப்பான். அவனுக்கு அந்த வார்டில் தெரிந்த முகம் உங்களுடையது ஒன்றுதான். அதையும் நம்ப முடியாமல் போனால் அவன் எங்கே போய் ஒட்டிக்கொள்வான்?

அதனால் இன்றிலிருந்து உண்மையைச் சொல்லுங்கள். முந்தின நாளே சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். 6 வயதுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும். “இன்னைக்கு ஊசி உண்டு. வலிக்கும். அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சுடும். அம்மா மடியிலேயே இருக்கலாம்.” ஊசி உண்டா இல்லையா என்பதை அவன் கையில் விட முடியாது. எந்தக் கை, எண்ணுவது யார் என்பதை விடலாம். படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட, உங்கள் நெஞ்சோடு நெஞ்சாக மடியில் உட்கார வைத்து, ஒரு கையை மட்டும் வெளியே நீட்ட வைத்துப் பிடிப்பது நல்லது. தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம் உண்டு, ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். கேட்டுப் பாருங்கள், கேட்டால்தான் பல இடங்களில் கிடைக்கும். சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்லுங்கள். ஊதுகிற குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைக்காது. “சேட்டை பண்ணா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க” என்று யார் சொன்னாலும், பாட்டியே ஆனாலும், நிறுத்துங்கள். மருந்து தண்டனை இல்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

அவன் எரிந்து விழுவதும், நடு ராத்திரி சோறு கேட்டு அழுவதும், முகம் வீங்குவதும் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. வளர்ப்புக் கோளாறு இல்லை. மருந்து நின்றபின் குறையும். கால் வலி, தாடை வலி, மலச்சிக்கல் வின்கிறிஸ்டின் ஊசியால் வரலாம். நடை தடுமாறினால் அன்றே சொல்லுங்கள்.

அடுத்தது மொழி. அரைகுறை மலையாளம் என்று நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. சுத்தமாகத் தெரியாத மொழி என்றால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம். தமிழ் மாதிரியே காதில் விழுகிற மலையாளம்தான் ஏமாற்றும். ‘ராவிலே’ என்றால் நமக்கு ராத்திரி, அவர்களுக்குக் காலை. ‘பனி’ என்றால் நமக்குக் குட்டிக்கானத்தில் இறங்குகிற மூடுபனி, அவர்களுக்குக் காய்ச்சல். ‘குறச்சு வெள்ளம்’ என்றால் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஒரு அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் நாளில் நான் மாத்திரை விளக்கினேன். “ராவிலே, பக்ஷணம் கழிஞ்ஞு” என்றேன். “மனசிலாயோ?” என்றேன். தலையாட்டினார். நானும் அதை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய ஸ்டீராய்டை அவர் ஒரு வாரம் ராத்திரி கொடுத்திருக்கிறார். குழந்தை தூங்கவே இல்லை. தவறு என்னுடையது. தமிழ் பேசத் தெரிந்த நானே தமிழில் சொல்லாமல் விட்டேன். அதன்பிறகு மாத்திரை அட்டையின் பின்னால் நீலப் பேனாவால் சூரியன், நிலா வரைந்துதான் கொடுப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு அட்டையையும் நர்ஸிடம் நீட்டி, “எப்போ, எத்தனை, சாப்பிட்டா, சாப்பிடாமலா” என்று கேட்டு, அவர் முன்னாலேயே வரையுங்கள். பிறகு, “நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று முழுவதையும் ஒப்பியுங்கள். தலையாட்ட வேண்டாம், வாயால் சொல்லுங்கள். இதில் கூச்சம் எதற்கு?

இனி காய்ச்சல். இங்கே ஒரு சொல்லும் தவறக் கூடாது. கீமோவுக்குப் பிறகு வெள்ளணு கவுண்ட் இறங்கும், பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்குப் போகும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும்போது சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் போதாது. பெரும்பாலான இடங்களில் 100.4 டிகிரிதான் எல்லைக்கோடு. உங்கள் டாக்டர் சொல்லும் எண்ணை எழுதி வாங்குங்கள். அதைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்து இறக்கிப் பார்க்கவும் வேண்டாம், முதலில் போன். ஐபுபுரூபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஆசனவாய் வழியாகத் தெர்மாமீட்டரும் மருந்தும் கூடாது. ஸ்டீராய்டு எடுக்கும்போது காய்ச்சல் தெரியாமலே தொற்று இருக்கலாம். நடுங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ சூடு இல்லையென்றாலும் கிளம்புங்கள்.

எங்கே கிளம்புவது? திருவனந்தபுரம் உங்களுக்குத் தொலைவு. பீருமேடு தாலுகா ஆஸ்பத்திரி பக்கம். கே.கே. ரோட்டில் இறங்கினால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அங்கே உண்டு. குமுளி வழியாக இறங்கினால் தேனி மெடிக்கல் காலேஜ். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும், அது எங்கே நடக்கும் என்று டிஸ்சார்ஜுக்கு முன்னால் உங்கள் டாக்டரிடமே முடிவு செய்யுங்கள். “கீமோ எடுக்கும் குழந்தை, காய்ச்சல் வந்தால் காத்திருக்க வைக்காமல் இன்ன மருந்து தொடங்கவும்” என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போன் நம்பரும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளும் பழைய ரிப்போர்ட்களும் ஒரே பையில், கதவுக்குப் பின்னால் தொங்கட்டும். ராத்திரி வண்டிக்கு யார் என்று உங்கள் வீட்டுக்காரர் இப்போதே லயத்தில் ஒருவரிடம் பேசி வைக்கட்டும், கூடவே 108.

மாத்திரை பற்றி ஒன்று. பின்னாளில் வீட்டில் தினம் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் வரும். சிகிச்சை மொத்தம் இரண்டு, இரண்டரை வருடம் போகும். குழந்தை ஓடி விளையாடுகிறான், ஒரு நாள் விட்டால் என்ன என்று தோன்றும். 100 நாளில் 5 நாளுக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலண்டரில் தினமும் அவனையே கோடு போடச் சொல்லுங்கள். வாயில் போட்டதைத் துப்பினால் நீங்களாக மறுபடி கொடுக்காமல், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பாட்டி கஷாயம் காய்ச்சுவார்கள், அன்பு அது. ஆனால் இந்த மருந்துகள் ஏற்கெனவே கல்லீரலைத் தொடுகின்றன. கஷாயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாது. வேண்டாம். பாட்டிக்கு வேறு வேலை கொடுங்கள்: சூடான கஞ்சி, அப்போது வடித்த சோறு, நன்றாக வெந்த கப்பை (மரவள்ளிக் கிழங்கு), கொதித்து ஆறின தண்ணீர். தோலுரித்துத் தின்னும் வாழைப்பழம், ஆரஞ்சு சரி. வேகாத பச்சைக் காய்கறி, கடை ஜூஸ் கூடாது. தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வரும் நாளில் அப்பா குளித்து உடை மாற்றிய பிறகே அவனைத் தூக்கட்டும்.

பெரியவள் கோபமாக இருப்பதாக நினைக்கிறீர்கள். பயந்திருக்கவும் கூடும். பத்து வயதுக் குழந்தைகள் “நான் தம்பிய அடிச்சதாலதான் வந்துச்சோ” என்று யாரிடமும் கேட்காமல் உள்ளுக்குள் வைத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். “இது நீ பண்ணதால வரல, தொத்துற நோயும் இல்ல” என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். தினம் ஒரு அழைப்பு அவளுக்கு மட்டும், அதில் தம்பி பேச்சு வேண்டாம். அவள் பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டால் அன்றே உங்களிடம் சொல்வது அவள் பொறுப்பு என்றும் சொல்லுங்கள். அம்மை தம்பிக்கு உண்மையிலேயே ஆபத்து, நீங்கள் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் ‘தாலோலம்’, ‘கேன்சர் சுரக்ஷா’ என்று 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உதவித் திட்டங்களை நடத்திவந்தது. இப்போது எது நடப்பில் இருக்கிறது, உங்களுக்கு எது பொருந்தும் என்று ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கரிடம் ரேஷன் கார்டோடு போய்க் கேளுங்கள். ஊருக்குப் போனபின் விவரம் வேண்டுமென்றால் 1056-இல் கேரளச் சுகாதாரத் துறையின் ‘திசா’ உதவி எண் உண்டு.

நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கேள்விகளைத் தமிழிலேயே எழுதுங்கள். முதல் கேள்வி: “எந்த எண்ணில் கிளம்பணும், எங்க போகணும்?” டாக்டர் நின்றதும் தாளை நீட்டுங்கள். பக்கத்துக் கட்டிலில் தமிழும் மலையாளமும் தெரிந்த ஒரு தாய் இருந்தால் கூட நிற்கச் சொல்லுங்கள். மகன் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் வெளியே அனுப்ப வேண்டாம்.