வீட்டுக்கு அடியில் சிமெண்ட் கலவை செலுத்தினால் நில அமிழ்வு நிற்குமா?

"கோலாலம்பூர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்கு அடியில் இருந்த குகைகளையே சிமெண்ட் கலவையால் அடைத்தார்களாமே, ஈப்போவில் உள்ள எங்கள் டெரஸ் வீட்டுக்கு எத்தனை மூட்டை பிடிக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டைக் கணக்கில் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். யாரோ ஒரு குத்தகையாளர் உங்களிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று விலை சொல்லியிருக்கிறார், இல்லையா? 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கிய பிறகு வீடு வீடாக வந்து பயமுறுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

கோபுரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பொந்துகளை அடைத்தது உண்மை. ஆனால் அதற்கு முன் துளையிட்டுப் பார்த்துவிட்டு, கட்டடத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். பிறகு 4.5 மீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம், அதன் கீழே நூறு மீட்டரையும் தாண்டி இறங்கும் அடித்தூண்கள். அவையும் சுண்ணாம்புப் பாறையில் ஊன்றவில்லை; சுற்றியுள்ள மண்ணின் உராய்வில் நிற்கின்றன. உங்கள் வீட்டை நகர்த்த முடியாது. ஆகவே அந்த உதாரணம் உங்களுக்கு உதவாது.

உங்கள் கதை, ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் கதை. கீழே மேடும் பள்ளமும் பொந்துமாகச் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் லம்பங்கள், அதாவது பழைய வெள்ளீயச் சுரங்கங்கள், கழித்துப் போட்ட மணலும் களிச்சேறும். பாறை கரைவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதற்குப் பயப்பட வேண்டாம். வீட்டைச் சாய்ப்பது, ஏற்கெனவே உள்ள பொந்துக்குள் மேல்மண் தண்ணீரோடு இறங்குவது. உடைந்த கழிவுநீர்க் குழாய் போதும். பக்கத்தில் யாராவது அடித்தளம் தோண்ட நிலத்தடி நீரை இறைத்தாலும் போதும்.

நான் பல வருடங்களாகத் துளையிடும் குழுக்களை மேற்பார்த்து வருகிறேன். மேடாக்கிய பழைய லம்பத்தின் மேல் எழுந்த ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை வீட்டை விட்டுப் பிரிந்து, விரிசலில் கரண்டிக் காம்பு நுழைந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர் நீர்த்த கலவையை நாள் முழுக்கச் செலுத்தியிருந்தார். அது பொந்து வழியே ஓடி, பின்புறப் பெரிய சாக்கடையில் சாம்பல் நிறத் தண்ணீராக வெளியே வந்தது. மூட்டைக் கணக்கு மட்டும் பில்லில் சரியாக ஏறியிருந்தது.

நாங்கள் முதலில் செய்தது மண் பரிசோதனை. 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். அங்கே ஓர் ஆழத்தில் எண்ணுவதற்கே வேலையில்லை. சுத்தியலை மேலே வைத்ததும் கம்பி தானாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் கீழே, துளையிலிருந்து மேலே திரும்ப வேண்டிய தண்ணீர் திரும்பவில்லை. அங்கேதான் பாறையின் வாய், அதாவது மண் உள்ளே இறங்கும் பொந்தின் திறப்பு.

அடுத்தது கலவை அல்ல, பிளம்பர். சமையலறைக்கு அடியில் உடைந்திருந்த குழாயை மாற்றாமல் பம்பைத் தொட மாட்டேன் என்றேன். பிறகுதான் மணலும் சிமெண்டும் கலந்த கெட்டியான கலவை, குழாயிலிருந்து பற்பசை போல வெளியே வரும் பதத்தில். பாறை வரை குழாயை இறக்கி முதலில் பாறையின் வாயை அடைத்தோம். பிறகு சிறிது சிறிதாகக் குழாயை மேலே இழுத்துக்கொண்டே, தளர்ந்த மண்ணை நாலாபுறமும் நெருக்கினோம். சமையலறை ஓட்டில் ஒட்டிய குறியை மட்டக் கருவியால் ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார். தரை எழும்பத் தொடங்கினாலோ, அழுத்தமானி ஏறினாலோ அந்த ஆழத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆசிரியர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தம்பி, இன்னும் எவ்வளவு குடிக்கும்?" என்றார். "குடிக்காமல் இருந்தால்தான் சார் நல்லது" என்றேன்.

அன்று பம்பைப் பிடித்திருந்தவர் ஒரு வங்காளதேசத் தொழிலாளி. அழுத்தமானி அசைவதற்கு முன்பே குழாயில் கைவைத்து "போதும்" என்று சொல்லுவார். அறிக்கையில் அவர் பெயர் வராது. அக்கம்பக்கத்தார் அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுக்கவும் யோசித்தார்கள். அவர்களோ ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்! இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் எரிச்சல் தீரவில்லை.

"பாறையில் மைக்ரோபைல் (மெல்லிய அடித்தூண்) இறக்கினால் இந்த வம்பே இல்லையே" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒரு பொறியாளர் எழுதுவார். ஐயா, இறக்கலாம். ஆனால் தொட்ட பாறைக்கு அடியிலேயே இன்னொரு பொந்து இல்லை என்று துளையிட்டு உறுதி செய்த பிறகு இறக்குங்கள். அப்படியே இறக்கினாலும் தூண் சுவரைத்தான் தாங்கும். தரையும் குழாய்களும் பழைய மண்மேல்தான் இருக்கும். இரண்டும் சேர்த்தே தேவைப்படும் வீடுகளும் உண்டு. நான் சிமெண்ட் விற்பவன் அல்ல.

நின்றுவிடுமா என்ற கேள்விக்கு: அடைத்த பொந்தும் நெருக்கிய மண்ணும் நிற்கும். நாலு வீடு தள்ளிப் புதிய பொந்து திறக்காது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டால், கலவை காணாமல் போகப் போக அவருக்குத்தான் லாபம். எந்த அழுத்தத்தில், எந்த அளவில் நிறுத்துவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விரிசல் நாளுக்கு நாள் விரிந்தாலோ, கதவுகள் திடீரென்று இறுகினாலோ, வெளியேறிவிட்டு மற்றதைப் பேசலாம். அப்படி இல்லையென்றால், இன்றிரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் பிளம்பர், பிறகு மண் பரிசோதனை.