மீனுக்கு முன்பே செடி: போர்வெல் தண்ணீரில் முதல் மீன் தொட்டி

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, வண்ணக் கற்களைப் பரப்பி, போர்வெல் தண்ணீரை நிரப்பி, அன்று மாலையே எட்டு நியான் டெட்ராக்களையும் நான்கு கப்பிகளையும் விட்டோம். பத்து நாட்களில் ஒரே ஒரு கப்பி மட்டும் மிஞ்சியது. இப்போது உண்மையான செடிகளுடன் மறுபடியும் தொடங்க விரும்புகிறோம். எங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 900. இந்தத் தண்ணீரில் செடி வளருமா? கரியமில வாயு சிலிண்டர் கட்டாயமா? எத்தனை நாள் கழித்து மீன் விடலாம்? — வாசகி, தாம்பரம்.

பதில்: உங்கள் மீன்கள் நோயால் இறந்திருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், புதிய தொட்டியில் சேர்ந்த அம்மோனியாவே காரணமாக இருந்திருக்க வேண்டும். மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் அம்மோனியா தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். முதலிரண்டும் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று, செடிகளுக்கு அது உரமும்கூட. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் போதுமான அளவு பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் அந்த வாரங்களை மீன்களின் மேல் சுமத்திவிட்டீர்கள்.

உங்கள் தண்ணீர் இதனை மேலும் கடுமையாக்கியிருக்கும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் கொடிய நஞ்சு. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பிஎச் 7 உள்ள தண்ணீரில் இருப்பதைவிட, பிஎச் 8 உள்ள தண்ணீரில் அந்த நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம். வெப்பம் கூடினாலும் அது கூடும். சென்னைப் புறநகரின் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. நியான் டெட்ராவோ அமேசான் காட்டோடைகளின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீருக்குரியது. கப்பி கடின நீரைத் தாங்கும் மீன் என்பதால்தான் உங்களிடம் ஒன்றாவது பிழைத்தது. கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த மீனை வாங்கிவிட்டு அதற்கேற்பத் தண்ணீரை மாற்றப் போராடுவதைவிட, வீட்டில் வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே எளிது என்பது என் உறுதியான கருத்து.

டிடிஎஸ் கருவி காட்டும் எண், கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை. கடினத்தன்மையை அது தனியே சொல்லாது. ஆனால் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கட்டினால், சோப்பு நுரைக்க மறுத்தால், அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்று கொள்ளலாம். 900 என்ற அளவை அப்படியே வைத்துக்கொண்டும் கப்பி வளர்க்க முடியும். வேறு மீன்களும் வேண்டுமென்றால், வீட்டிலுள்ள ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரையும் போர்வெல் தண்ணீரையும் சரிபாதி கலந்து, டிடிஎஸ் 500-க்கு அருகில் கொண்டுவரலாம். ஆர்ஓ நீரை மட்டும் நிரப்புவது தவறு. தாதுக்களே இல்லாத நீரில் பிஎச் நிலைத்து நிற்காது. ஆர்ஓ இயந்திரம் வெளித்தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம் என்பதால், சிக்கனம் கருதி அதனைத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டாம். அடுக்குமாடிகளில் பொருத்தப்படும் சாஃப்ட்னர் வழியாக வரும் நீரும் ஏற்றதன்று. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தைச் சேர்க்கிறது, செடிகளுக்கு அது நல்லதல்ல. லாரித் தண்ணீரோ குடிநீர் வாரியத் தண்ணீரோ பயன்படுத்தினால், குளோரின் போக ஒரு நாள் முழுவதும் காற்றூட்டி வைத்திருங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பானைப் பயன்படுத்துங்கள்.

செடிகளைப் பொறுத்தவரை உங்கள் தண்ணீர் குறையே அன்று. வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வர்ட்டும், கடின நீரில் நிறைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கு வேண்டிய கரிமத்தை எடுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. ஆகவே கரியமில வாயு சிலிண்டர் உங்களுக்குத் தேவையில்லை. அது சிவப்பு இலைச் செடிகளையும், தரையில் புல்வெளிபோலப் படரும் செடிகளையும் வளர்ப்பவர்களுக்கானது. முதல் தொட்டியில் அந்த ஆசையைத் தள்ளிவைப்பது நலம். பின்வரிசையில் வாலிஸ்னேரியாவையும், நடுவில் இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டியையையும் நடுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரத்துண்டிலோ கல்லிலோ நூலால் கட்டுங்கள். இவற்றின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஹார்ன்வர்ட்டை நடவே வேண்டாம், மிதக்க விட்டால் போதும். வேகமாக வளரும் அச்செடி அம்மோனியாவையும் நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். நட்ட இரண்டாம் வாரத்தில் கிரிப்டோகோரைனின் இலைகள் கரைந்து உதிர்வதைக் கண்டு பதறிப் பிடுங்கிவிடாதீர்கள். இடம் மாறினால் அச்செடி பழைய இலைகளை விட்டுவிட்டு வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும். செடிகளை முதலிலேயே நெருக்கமாக நடுங்கள். நான்கைந்து தண்டுகளை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால், அந்த இடைவெளியைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

வண்ணக் கற்களை எடுத்துவிட்டு, இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள குருணைக் கல்லையோ ஆற்று மணலையோ, கழுவிய நீர் தெளியும்வரை அலசி, இரண்டரை அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். சந்தேகமுள்ள கல் எதன் மீதும் சிறிது வினிகரை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது உங்கள் நீரை மேலும் கடினமாக்கும். மணலில் சத்து இருக்காது என்பதால் வேரடியில் உர மாத்திரைகளைப் புதைத்துவிடுங்கள். மணல் போட்ட பின் இத்தொட்டியில் நிற்கும் நீர் சுமார் 40 லிட்டர்தான். ஆனாலும் மொத்த எடை 70 கிலோவைத் தாண்டும். ஆகவே உறுதியான மேசையில், அடியில் தெர்மோகோல் தகடு இட்டு, வெயில் நேரடியாக விழாத இடத்தில் வையுங்கள். எல்இடி விளக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஒரு டைமர் வாங்கிவிடுங்கள்.

ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும். இந்த அளவுத் தொட்டிக்கு ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே தாராளம். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்குமானால், காற்றுக் குழாயில் பின்னோக்குத் தடுப்பு வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். இல்லையென்றால் மின்வெட்டின்போது தொட்டித் தண்ணீர் குழாய் வழியே இறங்கிப் பம்பையும் தரையையும் நனைத்துவிடும். சென்னையில் ஹீட்டர் வேண்டியதில்லை. கோடையில் எதிர்ப்பக்கம்தான் சிக்கல்: நீர் 32 டிகிரியைத் தொடும்போது அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். மூடியைத் திறந்து, நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்று படும்படி வைத்தால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே அந்தக் குறையை ஆர்ஓ நீரால் ஈடுசெய்யுங்கள்.

இனி காத்திருப்பு. மீனே இல்லாமல், நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுக விடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியாதான் நுண்ணுயிர்களுக்கு உணவு. நீர் மாதிரியில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் வகைச் சோதனைப் பெட்டியால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் வாரம் இருமுறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டு வரும்போதே இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். கண்ணாடிபோலத் தெளிந்த நீரிலும் அம்மோனியா இருக்கலாம் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்களுக்கு மட்டும் இதில் ஒரு குறுக்குவழி உண்டு. பழைய தொட்டியின் ஃபில்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதன் ஸ்பாஞ்சில் நுண்ணுயிர்கள் ஓரளவு குடியேறியிருக்கும். அதனைக் குழாயடியில் கழுவாமல், காயவிடாமல், மிஞ்சிய கப்பியோடு ஒரு பெரிய பக்கெட்டில் பழைய தொட்டி நீரிலேயே ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசி நீரை மாற்றி வாருங்கள். புதிய தொட்டி நிரம்பியதும் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி அதன் ஃபில்டரில் சேருங்கள். ஆறு வாரம் என்பது மூன்றாகக்கூடக் குறையலாம். ஆயினும் சோதனைப் பெட்டி சொல்வதே இறுதி.

மீன்களில், போர்வெல் நீரை அப்படியே பயன்படுத்தினால் எட்டு ஆண் கப்பிகள் போதும். பெண் கப்பிகளையும் சேர்த்தால் மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகளை ஈன்று தொட்டியை நிறைத்துவிடும். பாதி ஆர்ஓ கலந்தால், இலங்கையின் தென்மேற்கு ஓடைகளைச் சேர்ந்த செர்ரி பார்ப் எட்டு வாங்கலாம். பாசியைத் தின்னும் கிளீனர் மீன் என்று கொடுக்கப்படும் சக்கர் மீனை மட்டும் வாங்காதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், அப்படி வளர்ந்தவற்றை ஏரியில் விட்டவர்களால் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலேயே அது பெருகிக் கிடக்கிறது.

சென்னையில் வண்ண மீன் விற்பனைக்குப் பேர்பெற்ற கொளத்தூரின் கடைகளில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடும் ஆவல் வரும். முதல் முறை நான்கு மீன்கள், இரண்டு வாரம் கழித்து மற்றவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பையின் நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சை அப்போது வடித்த நீரிலேயே பிழிந்துவிடுங்கள். முதல் நான்கில் ஒன்றாகப் பக்கெட்டில் இருக்கும் அந்தக் கப்பியையே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.