இரண்டு பிக்சல் தள்ளி நிற்கும் படம்

வணக்கம்.

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வருகிறேன். என் படிப்பும் வேலையும் மின்னணுவியலோடு தொடர்பில்லாதவை. பொழுதுபோக்காகத்தான் மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பக்கம் வந்தேன். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் ஒரு வெப்பநிலை சென்சாரையும் 0.96 அங்குல ஓஎல்இடி திரையையும் இணைத்து, வெப்பநிலையை வரைபடமாக ஓடவிடும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். திரைக்கான பெரிய லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) சேர்த்தபோது நினைவகம் போதவில்லை. அதனால் திரைக்கு அனுப்பும் பகுதியையும் நானே எழுதிக்கொண்டேன். என்னிடம் நன்றாக ஓடுகிறது. நிரலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இதைப் பொதுவில் பகிர ஆசை. தயக்கமும் இருக்கிறது. நிரல் பார்க்க அழகாக இல்லை. எழுத்துகளின் பிட்மேப் அட்டவணையை (ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தப் புள்ளிகள் எரிய வேண்டும் என்ற பட்டியல்) எங்கிருந்தோ எடுத்தேன், எங்கே என்று நினைவில்லை. நண்பர் ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். அவருடையது 1.3 அங்குலத் திரை, அதுவும் 128க்கு 64 பிக்சல்தான். இடது ஓரத்தில் முதல் எழுத்து கொஞ்சம் வெட்டுப்படுகிறது, வலது ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை தெரிகிறது. வயரிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. ஒரு நண்பரிடமே ஒழுங்காக ஓடாததை ஊருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால் எந்த உரிமத்தில்? யாராவது எடுத்து விற்றால் என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

தாராளமாகப் பகிருங்கள். நிரலை முழுதாகப் படித்தேன். பகிரத் தகுந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதோடு சேர்த்து எழுத வேண்டிய சில விஷயங்கள்தான் விடுபட்டிருக்கின்றன. அவை என்ன என்பதை உங்கள் நண்பரின் திரையே காட்டிக்கொடுக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வயரிங்கில் பிழை இருந்தால் பெரும்பாலும் திரை இருட்டாகவே கிடக்கும். படம் வந்து, அது கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றால் வயரை விட்டுவிடுங்கள். உங்கள் 0.96 அங்குலத் திரையை இயக்குவது எஸ்எஸ்டி1306 என்ற சிப். 1.3 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்ஹெச்1106. இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், கட்டளைகளில் பெரும்பகுதி ஒன்றுதான். ஆனால் எஸ்ஹெச்1106-இன் உள் நினைவகத்தில் 132 நெடுவரிசைகள். திரையில் இருப்பதோ 128. இந்தத் திரைகளில் அந்த 128-ஐ நடுவில் வைத்து இணைத்திருப்பார்கள், இடப்பக்கம் 2, வலப்பக்கம் 2 கண்ணுக்குத் தெரியாமல் போகும். நீங்கள் 0-வது நெடுவரிசையிலிருந்து எழுதுகிறீர்கள். முதல் இரண்டும் மறைவில் விழுகின்றன, எழுத்து வெட்டுப்படுகிறது. வலக்கோடியில் யாரும் எழுதாத இரண்டு நெடுவரிசைகள் வெளியே தெரிகின்றன. மின்சாரம் வந்த கணத்தில் நினைவகத்தில் என்ன கிடந்ததோ அதுதான் அந்தக் குப்பை.

தீர்வு ஒரு வரி. தொடக்க நெடுவரிசையை 0-க்குப் பதில் 2 என்று வையுங்கள். உங்கள் நிரல் பக்கம் பக்கமாக (எட்டு வரிகள் கொண்ட ஒரு கிடைமட்டப் பட்டைதான் ஒரு பக்கம்) முகவரி கொடுத்து எழுதுவதால் இவ்வளவோடு முடிகிறது. எஸ்எஸ்டி1306-இல் மட்டும் உள்ள கிடைமட்ட முகவரி முறையை, அதாவது ஒரு பக்கம் நிரம்பியதும் சிப் தானே அடுத்த பக்கத்துக்குத் தாவும் முறையைப் பயன்படுத்தியிருந்தால், நண்பரின் திரையில் ஒன்றுமே புரிந்திருக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு திரைப் பலகைகளிலும் அதே நான்கு பின்கள், அதே ஐ2சி (இரண்டே வயர்களில் தரவு அனுப்பும் முறை), அதே முகவரி. சிப் கண்ணாடியோடு ஒட்டியே இருக்கிறது, அதன் பெயரைப் படிக்க வழியில்லை. நிரலின் தலையில் "0.96 அங்குல எஸ்எஸ்டி1306 திரையில் ஓட்டிப் பார்த்தது, வேறு எதிலும் பார்க்கவில்லை" என்று ஒரு வரி இருந்திருந்தால், நண்பர் வயரைப் பிடுங்கிச் செருகாமல் தன் திரையில் என்ன சிப் என்று தேடப் போயிருப்பார். கணினிக்கான நிரல் என்றால் இவ்வளவு சொல்லத் தேவையில்லை, திரையை இயக்கும் வேலையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். இங்கே நிரலும் திரையும் நேருக்கு நேர் பேசுகின்றன. எந்தத் திரை, எந்தப் பலகை, எப்படி இணைத்தது என்பதெல்லாம் நிரலின் பகுதியேதான். அவற்றை விட்டுவிட்டு வெறும் நிரலை மட்டும் கொடுத்தால், வாங்கியவர் உங்கள் மேசையில் என்ன இருந்தது என்று ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே முதலில் அதை எழுதுங்கள். திரையின் அளவும் சிப்பும், ஆர்டுயினோ பலகை, ஐடிஈ (நிரலை எழுதி ஏற்றும் மென்பொருள்) பதிப்பு, சேர்த்திருக்கும் லைப்ரரிகளின் பதிப்பு, எந்த பின் எங்கே போகிறது. ஐ2சி முகவரியை எழுதும்போது ஒரு சிறு விளக்கமும் தேவை. இந்தத் திரைப் பலகைகள் பலவற்றின் பின்பக்கம் 78 என்று அச்சிட்டிருக்கும், உங்கள் நிரலிலோ 3சி என்று இருக்கிறது. இரண்டும் ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண்கள், இரண்டும் ஒரே முகவரி. 3சி-யை ஒரு பிட் இடப்பக்கம் தள்ளினால் 78. இது தெரியாதவர் நிரலில் 78 என்று மாற்றிவிட்டு இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்சாரப் பின்கள் இன்னும் முக்கியம். சில பலகைகளில் ஜிஎன்டி (தரை இணைப்பு) முதலில், சிலவற்றில் விசிசி (மின்சாரம் உள்ளே வரும் இணைப்பு) முதலில். "படத்தைப் பார்த்து இணைக்காதீர்கள், உங்கள் பலகையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்" என்று கண்ணில் படும்படி எழுதுங்கள். மற்ற பிழைகளில் நேரம்தான் போகும், இதில் திரையே போய்விடும்.

நிரல் அழகாக இல்லை என்கிறீர்கள். அதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். பகிர்வதற்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த உட்காராதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒழுங்குபடுத்தியதில் ஓடாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. பெயர்களை மட்டும் புரியும்படி மாற்றுங்கள், மாற்றிய பிறகு மறுபடி ஏற்றி ஓட்டிப் பாருங்கள், ஓடிய அதே கோப்பைப் பகிருங்கள். திரையில் தெரிந்ததைப் படம் பிடித்துப் போட்டால் போதும், நிரலைப் படமாகப் போடாதீர்கள். அதைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் இரண்டு இடங்களில் கமெண்ட் (நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) கட்டாயம் வேண்டும். ஒன்று, தொடக்கக் கட்டளைகள். வரிசையாக ஹெக்ஸ் எண்கள் மட்டும் நிற்கின்றன, படிப்பவருக்கு மந்திரம் போலத் தெரியும். 8டி, அடுத்து 14 என்றால் சிப்பின் உள்ளே இருக்கும் சார்ஜ் பம்ப்பை (மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதி) இயக்குவது, அதை விட்டால் இந்தப் பலகைகளில் திரை ஒளிராது. டிஏ-வுக்கு அடுத்து வரும் மதிப்பு 64 வரித் திரைக்கு 12, 32 வரித் திரைக்கு 02. இப்படி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு சொல் எழுதினால் போதும், வேறு அளவுத் திரை வைத்திருப்பவர் தானே மாற்றிக்கொள்வார்.

இன்னொன்று, நீங்கள் 16 பைட்டுகளாகப் பிரித்து அனுப்பும் இடம். ஏன் 16 என்று அங்கே ஒன்றும் எழுதவில்லை. ஊனோவில் ஐ2சி வழியே அனுப்பும் வயர் என்ற லைப்ரரி ஒரு தடவையில் 32 பைட் வரைதான் சேர்த்து வைக்கும், அதற்கு மேல் கொடுப்பதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நாளைக்கு ஒருவர் வேகமாக்குவதாக நினைத்து 128 பைட்டையும் ஒரே தடவையில் அனுப்புவார், படத்தின் பெரும்பகுதி காணாமல் போகும். காரணத்தை அந்த வரியின் மேலேயே எழுதிவிடுங்கள்.

சரி, உங்கள் நிரலில் எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஊனோவின் மைக்ரோகண்ட்ரோலரான ஏடிமெகா328பி-யில் ரேம் மொத்தம் 2048 பைட். 128க்கு 64 படத்தை முழுதாக நினைவில் வைத்தால் 1024 பைட், சரிபாதி போய்விடும். பரவலாகப் பயன்படும் ஆடாஃப்ரூட் லைப்ரரி இந்த 1024-ஐ நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டு வாங்குகிறது. அதனால் கம்பைல் செய்யும்போது (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும்போது) "இடம் இருக்கிறது" என்றே ஐடிஈ சொல்லும், ஓடும்போது திரை வராது. நீங்கள் பட்ட பாடு இதுவாகத்தான் இருக்கும். யூ8ஜி2 லைப்ரரியில் 128 பைட் மட்டும் எடுக்கும் பக்க முறை உண்டு, அதில் வரையும் கட்டளைகள் எட்டு முறை திரும்ப ஓட வேண்டும். நீங்கள் அதையும் தாண்டியிருக்கிறீர்கள். 128 அளவீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அந்தப் பக்கத்தில் எந்த பிட் எரிய வேண்டும் என்று அனுப்பும் நேரத்திலேயே கணக்கிடுகிறீர்கள். படத்துக்கென்று தனி நினைவகமே இல்லை. எட்டு பக்கங்களும் அனுப்பி முடியும்வரை புதிய அளவீடு எடுக்காமல் இருப்பதும் சரியான முடிவு. நடுவில் எடுத்தால் மேல்பாதி பழைய வரைபடமாகவும் கீழ்பாதி புதியதாகவும் ஒட்டாமல் நிற்கும். இந்த உத்தியைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. விளக்கத்தில் வெப்பநிலையைப் பற்றி ஒரு வரியும் இதைப் பற்றி ஒரு முழுப் பத்தியும் எழுதுங்கள், தயவுசெய்து தலைகீழாகச் செய்துவிடாதீர்கள்.

கூடவே ஒரு சோதனை நிரலும் வையுங்கள், இருபது முப்பது வரிதான் வரும். திரையின் நான்கு ஓரங்களிலும் ஒரு பிக்சல் கோடு, இடது மேல் மூலையில் 7 என்ற எண். அவ்வளவே. இடப்பக்கக் கோடு காணாமல் போய் வலப்பக்கம் குப்பை வந்தால் எஸ்ஹெச்1106. 7 கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தாலோ தலைகீழாக நின்றாலோ நெடுவரிசைத் திசை, வரித் திசைக் கட்டளைகளை மாற்ற வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு வரி வெறுமையாக இருந்தால், நான் சொன்ன 12, 02 குழப்பம். உங்களுக்கு உதவி கேட்டு வரும் கேள்விகளில் பெரும்பங்கை இந்த ஒரு சோதனையே தீர்த்துவிடும். மீதிப் பேரிடமும் "சோதனை நிரலை ஓட்டி ஒரு படம் அனுப்புங்கள்" என்று சொல்லலாம், அப்புறம் பேச்சு சுலபமாகிவிடும். படம் எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டை ஓடுகிறது என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஓஎல்இடி வரி வரியாக ஒளிர்வதால் வருவது அது, திரையில் கோளாறு ஒன்றும் இல்லை.

எழுத்துகளின் அட்டவணை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகத்தான் இருப்பேன். எங்கிருந்து எடுத்தது என்று தெரியாததை உங்கள் பெயரில் வெளியிடாதீர்கள். எழுதியவர் எதுவும் சொல்லாவிட்டாலும் காப்புரிமை அவருக்குத் தானாகவே உண்டு. உரிமம் என்று எதுவும் எழுதாமல் பொதுவில் வைத்திருப்பதால் அது எல்லோருக்கும் சொந்தமாகிவிடாது. எழுத்துருக்களுக்குத் தனி உரிமம் இருப்பதும் வழக்கம்: யூ8ஜி2-வின் நிரல் பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது, அதில் உள்ள எழுத்துருக்கள் பலவற்றுக்கு அவற்றுக்கான உரிமங்கள் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. உங்கள் விஷயத்தில் வழி மிக எளிது. வெப்பநிலை காட்ட என்ன வேண்டும்? பத்து எண்கள், கழித்தல் குறி, புள்ளி, டிகிரி குறி, செல்சியஸுக்கான எழுத்து. மொத்தம் 14. ஒவ்வொன்றும் 5 நெடுவரிசை, நெடுவரிசைக்கு ஒரு பைட், ஆக 70 பைட். கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைந்துவிடலாம். பழைய அட்டவணையில் 95 எழுத்துகள், 475 பைட் இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் நீங்கள் தொடவே இல்லை. புதியதை ப்ரோக்மெம் என்ற குறிச்சொல் போட்டு, நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே வையுங்கள், ஊனோவில் உள்ளதுபோன்ற ஏவிஆர் வகைச் சிப்புகளில் கான்ஸ்ட் (மாறாதது) என்று மட்டும் போட்டால் ரேமுக்கு நகலாகிவிடும். பைட்டின் மிகக் குறைந்த மதிப்புள்ள பிட் மேலே வருகிறது என்பதையும் எழுதிவிடுங்கள், வேறு வகைத் திரைக்கு எடுத்துச் செல்பவருக்கு உதவும்.

தொடக்கக் கட்டளைகளைச் சிப்பின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவர ஏடு) பார்த்து எழுதியிருந்தால் சிக்கல் இல்லை. வேறொருவர் நிரலிலிருந்து வந்திருந்தால் அதன் உரிமத்தைப் பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி என்றால் பழைய காப்புரிமை வரிகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். ஜிபிஎல் என்றால் உங்களுடையதையும் ஜிபிஎல்லில்தான் வெளியிட முடியும்.

உங்கள் சொந்த நிரலுக்கு எதைத் தேர்வது என்பது நீங்கள் விற்பனையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எம்ஐடியில் கொடுத்தால் யாரும் எடுத்துத் தங்கள் பொருளில் வைத்து விற்கலாம், உங்கள் காப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும். ஜிபிஎல்லிலும் விற்கலாம், பலர் அது தடை என்று தவறாக நினைக்கிறார்கள். வாங்குபவருக்கு மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நானாக இருந்தால் இந்த அளவு சிறிய திரை நிரலுக்கு எம்ஐடி போடுவேன். ஒரு பக்கத்தில் அடங்கும் உத்தியை யார் எங்கே கொண்டுபோனாலும் எனக்குச் சந்தோஷம்தான். உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் ஜிபிஎல் போடுங்கள், அதில் தவறேதும் இல்லை. எதையும் போடாமல் மட்டும் விடாதீர்கள். கவனமானவர்கள் உங்கள் நிரலைத் தொடாமல் போய்விடுவார்கள், கவனமில்லாதவர்கள் எப்படியும் எடுத்துக்கொள்வார்கள்.

வெளியிட்ட பிறகு திருத்தங்கள் வரும், அதற்கும் தயாராக இருங்கள். நல்ல திருத்தமாகத் தெரிந்தாலும் உங்கள் திரையில் ஓட்டிப் பார்த்த பிறகே சேருங்கள். உங்களிடம் இல்லாத திரைக்கான திருத்தம் என்றால், அனுப்பியவர் எந்தத் திரையில், எந்தப் பலகையில் பார்த்தார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் அந்த விவரத்தை அவர் பெயரோடு நிரலின் தலையில் அடுத்த வரியாக எழுதிவிடுங்கள்.

அன்புடன்.